வெட்டி எடுத்த பழைய பிரிட்டிஷ் விமான விளம்பரங்கள்: தேதியைக் கண்டுபிடிப்பது எப்படி? 264 ஸ்குவாட்ரன் பதிவுகள் எங்கே?

பர்லிவே எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது கிராய்டனில், பழைய விமான நிலையக் கட்டடத்துக்கு நடந்து போகிற தூரத்தில். அண்மையில் ஒரு கார் பூட் சேலில் பழைய பத்திரிகை விளம்பரங்கள் ஒரு உறை நிறையக் கிடைத்தன. எல்லாமே விமானத் துறை: டயர், டோப் (இறக்கைத் துணிக்குப் பூசுவது), எஞ்சின் ஆயில், பாராசூட், ஸ்பார்க் பிளக். யாரோ ஆசை ஆசையாக வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று ஒன்றிலும் குறித்து வைக்கவில்லை. விற்றவருக்கும் எதுவும் தெரியவில்லை.

அவற்றில் இரண்டு பக்கங்களைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று ஸ்பார்க் பிளக் விளம்பரம், கறுப்பு வெள்ளை. பாதிப் பக்கத்துக்கு ஒரு போர் விமானத்தின் ஓவியம். ஒற்றை எஞ்சின். விமானிக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டு, அதில் துப்பாக்கிகள். இறக்கையில் துப்பாக்கி வாய் எதுவும் தெரியவில்லை. உடலில் உள்ள வட்டச் சின்னத்தில் வட்டத்துக்குள் வட்டமாக நாலு இருக்கின்றன. கீழே எழுத்து என்று பார்த்தால் நாலு வரிதான். விலை இல்லை, எங்கே வாங்கலாம் என்றும் இல்லை. திருப்பினால் ஏர்ஸ்பீட் (1934) லிமிடெட் கம்பெனியின் விளம்பரத்தில் வலது பாதி இருக்கிறது. மீதி கத்தரிக்கோலோடு போய்விட்டது.

இன்னொன்று ரோலசன் கம்பெனியின் சின்ன விளம்பரம். முகவரி கிராய்டன் விமான நிலையம். 1940 ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மன் விமானங்கள் இங்கே குண்டு போட்டபோது அடிபட்ட தொழிற்சாலைகளில் ரோலசனும் ஒன்று என்று விசிட்டர் சென்டரில் கேட்டிருக்கிறேன். இந்த விளம்பரம் அதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை.

என் கேள்விகள்: இந்த மாதிரி விளம்பரங்களை இணையத்தில் எங்கே தேடலாம்? தேதியை எப்படிப் பிடிப்பது? அப்புறம், அந்தப் படத்தில் இருப்பது டிஃபையன்ட் என்று நினைக்கிறேன். டிஃபையன்ட் ஓட்டிய பிரிட்டிஷ் விமானப் படைப் பிரிவான 264 ஸ்குவாட்ரனின் பெயரோடு 'மதராஸ் பிரசிடென்சி' என்று சேர்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியமாகிவிட்டது. அந்தப் பெயர் எப்படி வந்தது? அவர்கள் நாள்தோறும் பறந்த கணக்கை வீட்டிலிருந்தே படிக்க முடியுமா?

பழைய ஃபிட்டர் எழுதியது:

நல்ல புதையலைப் பிடித்திருக்கிறீர்கள், பர்லிவே. எஞ்சின் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிளக் விளம்பரம் என்றதும் உட்கார்ந்து எழுதத் தோன்றிவிட்டது.

முதலில், அது டிஃபையன்ட்தான். உல்வர்ஹாம்ப்டனில் பௌல்டன் பால் கம்பெனி செய்தது. நாலு பிரௌனிங் துப்பாக்கிகளும் சுழலும் டரெட்டில்தான் (நீங்கள் சொன்ன கண்ணாடிக் கூண்டு) இருக்கும், முன்னோக்கிச் சுட ஒன்றும் கிடையாது. ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். இன்று முழுசாக மிஞ்சியிருப்பது என்1671 என்ற ஒன்றே ஒன்று. அதை ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப் படை) மியூசியம் வைத்திருக்கிறது.

இணையத்தில் தேடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பிரிட்டனில் விமானத் துறைக்கு என்று இரண்டு பெரிய வார இதழ்கள் இருந்தன. ஒன்று ஃப்ளைட், 1909 ஜனவரியில் ஸ்டான்லி ஸ்பூனர் தொடங்கியது. மற்றது தி ஏரோப்ளேன், 1911இல் சி. ஜி. கிரே தொடங்கியது. விளம்பரங்களில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் வந்தது. ஆனால் நூலகங்கள் வருஷக் கடைசியில் இதழ்களைச் சேர்த்து பைண்டு பண்ணும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் உருவிப் போட்டுவிடுவது வழக்கம். கட்டுரைகள் உள்ள பக்கங்கள் மட்டும் தடிமனான தொகுதியாக அலமாரிக்குப் போகும். பிறகு அந்தத் தொகுதியைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். அதனால் 'முழுத் தொகுப்பு' என்று போட்டிருக்கிற இடத்தில்கூட விளம்பரம் ஒன்றும் இருக்காது. உங்கள் உறையில் இருப்பதெல்லாம் அப்படி உருவிப் போடப்பட்ட வகைப் பக்கங்கள். ஒன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு இடங்களில் தொடங்குங்கள். ஒன்று ஏவியேஷன் ஆன்செஸ்ட்ரி. 1909 முதல் 1990 வரையிலான பிரிட்டிஷ் விமான விளம்பரங்களுக்கென்றே உருவாக்கிய தளம். பிளக் கம்பெனியின் பெயரைப் போட்டு 1940, 1941, 1942 என்று வருஷம் வருஷமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். உங்கள் ஓவியமே கண்ணில் பட்டாலும் படலாம். இன்னொன்று கிரேஸ் கைடு. அது பிரிட்டிஷ் தொழில் வரலாறு முழுமைக்குமான தளம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பக்கம் இருக்கும், எப்போது தொடங்கியது, யாரோடு இணைந்தது, எங்கே மாறியது என்று வரிசையாகச் சொல்லும், கூடவே பழைய விளம்பரங்களையும் போட்டிருக்கும். 1909 முதலான ஃப்ளைட் இதழ்கள் முன்பு ஃப்ளைட்குளோபல் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைத்தன. அதை எடுத்துவிட்டார்கள். பழைய இணைப்புகளை யாராவது கொடுத்தால் அலையாதீர்கள்.

இனி தேதி. இதில் எனக்குப் பிடித்த வழி, கம்பெனியின் பெயர். விமானக் கம்பெனிகள் அடிக்கடி பெயர் மாறின. அந்தத் தேதிகள் பதிவில் இருக்கின்றன. உங்கள் பக்கத்தின் பின்புறத்தில் ஏர்ஸ்பீட் (1934) லிமிடெட் என்று இருக்கிறது அல்லவா, 1944 ஜனவரியில் அந்த 1934ஐ எடுத்துவிட்டு வெறும் ஏர்ஸ்பீட் லிமிடெட் ஆக்கினார்கள். ஆகவே பக்கம் அதற்கு முந்தியது. இதே மாதிரி பிலிப்ஸ் அண்ட் பொவிஸ் என்று போட்டிருந்தால் 1943 அக்டோபருக்கு முன், மைல்ஸ் ஏர்கிராஃப்ட் என்றால் பின். ரோட்டல் ப்ரொப்பெல்லர் விளம்பரம் என்றால் 1937க்கு முன்னால் இருக்கவே முடியாது. ரோல்ஸ் ராய்ஸும் பிரிஸ்டலும் சேர்ந்து அந்தக் கம்பெனியைத் தொடங்கியதே அப்போதுதான்.

அடுத்தது படத்தில் உள்ள விமானம். நாலு வட்டம் என்கிறீர்கள். நடுவில் சிவப்பு, அடுத்து வெள்ளை, அடுத்து நீலம், அதற்கு வெளியே நாலாவது மஞ்சள். 1940 மே மாதத்திலிருந்துதான் போர் விமானங்களின் உடற்பகுதியில் அந்த மஞ்சள் வளையத்தைப் பொதுவாகப் போடச் சொன்னார்கள். வால் செங்குத்தில் மூன்று நிறப் பட்டை வந்ததும் அப்போதுதான். 1942 நடுவில் திரும்ப மாற்றினார்கள்: வெள்ளையும் மஞ்சளும் மெலிந்து கோடு மாதிரி ஆகிவிட்டன. ஆகவே உங்கள் படத்தில் நாலாவது வளையம் தடிமனாக இருக்கிறதா, மெல்லியதா என்று பாருங்கள். தடிமன் என்றால் படம் வரைந்தது 1940 மே முதல் 1942 நடுப்பகுதி வரையிலான காலத்தைக் காட்டுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஓவியர் பழைய ஃபோட்டோவைப் பார்த்து வரைந்திருக்கலாம், கம்பெனி பழைய அச்சு பிளாக்கையே மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். அதனால் சின்னம் 'இதற்கு முன்னால் இல்லை' என்பதை மட்டும்தான் உறுதியாகச் சொல்லும்.

மூன்றாவது, படத்தில் என்ன இல்லை என்று பார்ப்பது. டி ஹாவிலண்ட் கம்பெனியின் மஸ்கிட்டோ விமானம் முதன்முதலில் பறந்தது 1940 நவம்பர் 25. ஊருக்கு அதன் பெயர் தெரிந்தது 1942 செப்டம்பர் கடைசியில், ஆஸ்லோவில் ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைமையகத்தைத் தாக்கிய பிறகு. இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அதற்கு மரம், பசை, பிளக், டயர் என்று எத்தனையோ கம்பெனிகள் சப்ளை செய்துகொண்டிருந்தன. ஒருவர்கூட விளம்பரத்தில் அதைக் காட்ட முடியாது. ஜெட் கதையும் அதேதான்: குளோஸ்டரின் சோதனை விமானம் கிரான்வெல்லில் 1941 மே 15 அன்றே பறந்துவிட்டது, அரசு வாய் திறந்தது 1944 ஜனவரியில். ஒரு விளம்பரத்தில் ஜெட் இருந்தால் அது அதற்குப் பிறகு வந்தது, சந்தேகமே வேண்டாம்.

விலை இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். 1941இல் விமான பிளக்கை யாரும் கடைக்குப் போய் வாங்கப் போவதில்லை. மொத்த உற்பத்தியும் அரசுக்குத்தான். பிறகு எதற்குக் காசு கொடுத்து விளம்பரம்? யுத்தம் முடிந்த மறுநாள் கார்க்காரனுக்கும் விமானக் கம்பெனிக்கும் தங்கள் பெயர் ஞாபகத்தில் இருக்க வேண்டும், அதற்குத்தான். காகிதத்துக்கு ரேஷன் வந்து இதழ்கள் மெலிந்த காலத்தில்கூட இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

பிளக் விளம்பரத்தில் அந்த நாலு வரியையும் கவனமாகப் படியுங்கள். மெர்லின் எஞ்சினுக்குப் பன்னிரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக 24. ஒற்றை எஞ்சின் ஸ்பிட்ஃபயருக்கு 24, நாலு எஞ்சின் லங்காஸ்டருக்கு 96. பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அது பிளக்கின் மூக்கில் சாம்பல் நிற மணி மணியாக உறைந்து பொறியைக் கெடுக்கும். முன்பெல்லாம் உள்ளே மின்காப்புக்கு அப்பிரகத் தகடுகளைச் சுற்றி வைத்தார்கள். அழுத்தமும் சூடும் கூடக்கூட அப்பிரகம் தாங்கவில்லை. பிறகு அலுமினா பீங்கான் வந்தது. லாட்ஜ் கம்பெனி, ரக்பி, அதற்கு சின்டாக்ஸ் என்று பெயர் வைத்தது. கே.எல்.ஜி., பட்னி வேல், அதற்கு கோரண்டைட் என்று வைத்தது. அந்தப் பெயர்களில் ஒன்று உங்கள் விளம்பரத்தில் இருந்தால் எழுதுங்கள். கழற்றிய பிளக்கின் மூக்கைப் பார்த்தே அந்த எஞ்சின் எப்படி ஓடியது என்று சொல்லிவிடலாம். அந்தப் பிளக்கில்தான் ஒருவன் இரவு கடல் தாண்டிப் போய்த் திரும்பினான் என்று நினைத்தால் இந்த விளம்பரங்களை வெறும் அலங்காரமாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

கியூ வாசகர் எழுதியது:

ஃபிட்டர் ஐயா விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டார், நான் ஸ்குவாட்ரனைப் பார்க்கிறேன்.

பெயர் வந்த கதை எளிது. 1940 மே மாதத்தில் பீவர்ப்ரூக் பிரபு விமான உற்பத்தி அமைச்சரானார். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று ஒரு கணக்கு வைத்து ஊர்களிடமும் கம்பெனிகளிடமும் காலனிகளிடமும் நன்கொடை திரட்டினார்கள். உண்மையான செலவு அதைவிட அதிகம், ஆனால் அந்த எண் மக்கள் மனசில் நின்றது. பணம் கொடுத்தவரின் பெயரை விமானத்தின் மூக்கருகே எழுதுவார்கள். ஒரு ஸ்குவாட்ரனுக்கே போதுமான அளவு கொடுத்தால் ஸ்குவாட்ரனின் பெயரோடு சேர்ப்பார்கள். மதராஸ் பிரசிடென்சியின் பெயர் 264இல் மட்டும் இல்லை, 79, 234 ஆகியவற்றிலும் இருக்கிறது. ஃபோட்டோவில் அடையாளம் காண உடற்பகுதியில் உள்ள இரண்டு எழுத்தைப் பாருங்கள்: 264க்கு பி.எஸ்., 79க்கு என்.வி., 234க்கு ஏ.இசட். இவற்றில் 79 மட்டும் 1942இல் கிழக்கே அனுப்பப்பட்டு பர்மாப் போரில் பறந்தது.

நாள் கணக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஸ்குவாட்ரன்களின் ஆப்பரேஷன்ஸ் ரெக்கார்டு புத்தகங்கள் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன. ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். பட்டியலில் ஏர் 27 என்றும் 264 என்றும் போட்டு, மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு வகைத் தாள் இருக்கும். படிவம் 540 என்பது நாளுக்கு ஒரு பத்தி: வானிலை, யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், பொதுவாக என்ன நடந்தது. படிவம் 541 என்பது பறப்பு விவரம்: விமான எண், ஆட்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், நடந்தது. உங்களுக்கு வேண்டியது 541. டிஃபையன்டில் இரண்டு பேர் என்பதால் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே விமானியின் பெயரும் அடுத்து டரெட்காரரின் பெயரும் வரும். சில நாள் அழகாக டைப் அடித்திருக்கும், சில நாள் பாதி வரிதான். சண்டை உச்சத்தில் இருந்த நாட்களில் எழுதுகிற ஆளுக்கும் மூச்சுவிட நேரம் இருக்கவில்லை என்பது தாளைப் பார்த்தாலே தெரியும்.

சண்டையில் எதிரியைச் சுட்டதாகச் சொன்னவர்களின் தனி அறிக்கைகள் ஏர் 50இல். காணாமல் போனவர்கள், காயம்பட்டவர்கள் பற்றிய கோப்புகள் ஏர் 81இல். அதில் பட்டியல் வரியிலேயே பெயர், விமான எண், தேதி வந்துவிடும் என்பதால் கோப்பைத் திறக்காமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

264ஐப் படிக்கப் போகிறீர்கள் என்றால் 1940 மே 29இலிருந்து ஆரம்பியுங்கள். டன்கர்க் வானத்தில் அன்று ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவு செய்தார்கள். ஜெர்மன் தரப்பு இழப்புக் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே விமானத்தை மூன்று நாலு டரெட்காரர்கள் ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். அது புகைந்து விழுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். எல்லோரும் தன்னுடையது என்றுதான் நினைப்பார்கள். ஸ்குவாட்ரன் லீடர் பிலிப் ஹண்டர் அன்று தலைமை தாங்கியவர். ஆகஸ்டில் அவர்களை ஹார்ன்சர்ச் விமானத் தளத்துக்கு அனுப்பினார்கள். 24ஆம் தேதி மான்ஸ்டன் விமானத் தளத்தை ஜெர்மானியர் தாக்கியபோது ஒரு யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திக்கொண்டு போன ஹண்டரும் அவருடைய டரெட்காரர் கிங்கும் திரும்பவே இல்லை. 28ஆம் தேதிக்குப் பிறகு பகல் சண்டையிலிருந்து ஸ்குவாட்ரனையே விலக்கிவிட்டார்கள், பிறகு இரவுச் சண்டைதான். மே மாதத் தாளையும் ஆகஸ்ட் மாதத் தாளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் 541இல் பெயர்கள் எப்படி மாறிக்கொண்டே போகின்றன என்று தெரியும். எனக்கு அதைப் படிப்பது சுலபமாக இல்லை.

தேம்ஸ்கரை எழுதியது:

ஒரு சந்தேகம். ஆப்பரேஷன்ஸ் புத்தகம் வரலாறு, சரி. விளம்பரத்தை எப்படி ஆவணமாக எடுத்துக்கொள்வது? தணிக்கை பண்ணிய படம், கம்பெனி தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிற எழுத்து. அதற்கு இத்தனை உழைப்பு தேவையா?

பழைய ஃபிட்டர் எழுதியது:

தேவை என்றே சொல்வேன், தேம்ஸ்கரை. கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பச் சொல்லவில்லை. எதைச் சொல்ல வேண்டிய அவசியம் வந்தது என்று பார்க்கச் சொல்கிறேன்.

முதல் உலகப் போர் காலத்து டோப் விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது இறக்கை என்றால் மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய லினன் துணி. அதன் மேல் டோப் பூசினால் காயும்போது துணி சுருங்கி மத்தளம் மாதிரி விறைக்கும். அந்த டோப்பில் டெட்ராகுளோரோஈத்தேன் என்ற கரைப்பான் இருந்தது. மூடிய அறையில் அதைப் பூசியவர்களுக்கு, அதில் பெண்கள் நிறையப் பேர், மஞ்சள் காமாலை வந்தது, சிலர் இறந்தார்கள். 1914 கடைசியிலிருந்தே இது தெரிய வந்தது. அதன் பிறகு டோப் விளம்பரங்களில் 'விஷமற்றது' என்ற சொல் முன்னுக்கு வருகிறது. விமானத்தைப் பற்றிய புத்தகங்கள் எஞ்சினையும் விமானியையும் பேசிக்கொண்டு போகும். டோப் அறையில் வேலை செய்தவர்களைப் பற்றி நான் முதன்முதலில் யோசித்தது அந்த ஒரு சொல்லை விளம்பரத்தில் பார்த்த பிறகுதான்.

முகவரியும் அப்படித்தான். 1940 செப்டம்பர் 24, 26 இரண்டு நாளும் சவுதாம்ப்டன் உல்ஸ்டனில் சூப்பர்மரைன் தொழிற்சாலை குண்டுவீச்சில் நாசமானது. ஸ்பிட்ஃபயர் வேலையை சாலிஸ்பரி, ட்ரோபிரிட்ஜ், ரெடிங் என்று பல ஊர்களுக்குப் பிரித்தார்கள். கராஜ், பஸ் டிப்போ, சலவைக்கூடம் எல்லாம் விமானத் தொழிற்சாலை ஆனது. சப்ளை செய்த சின்னக் கம்பெனிகளும் இடம் மாறின. எந்தச் சின்னக் கம்பெனி எப்போது எந்த ஊரில் இருந்தது என்று எழுதி வைக்கிற வரலாற்றாசிரியர் அபூர்வம். விளம்பரத்தின் அடியில் உள்ள முகவரி வரி அதைச் சொல்லிவிடும். தணிக்கை இருந்தது உண்மைதான், விமானத்தில் ராடார் ஏரியல் இருந்தால் ஃபோட்டோவிலிருந்து அழித்துவிடுவார்கள். அழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்தத் தேதியில் எதை மறைக்க நினைத்தார்கள் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறதே.

பர்லிவே எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலாவது வளையம் நீல வளையத்தின் அகலமே இருக்கிறது, மெல்லியது இல்லை. வாலில் மூன்று பட்டை இருக்கிறது. அந்த நாலு வரியில் சின்டாக்ஸ் என்ற சொல்லும் இருக்கிறது, ஃபிட்டர் ஐயா! கீழே மூலையில் ரக்பி.

ரோலசன் பக்கத்தின் பின்புறத்தை இதுவரை சரியாகப் பார்க்கவே இல்லை, மன்னிக்கவும், அது வேறு ஒரு காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பிரித்தேன். பின்னால் இம்பீரியல் ஏர்வேஸ் விளம்பரம். பெயரும் ஒரு பறக்கும் படகின் முன்பகுதியும் முழுசாக இருக்கின்றன. இதிலிருந்து ஏதாவது தெரியுமா?

கியூ வாசகர் எழுதியது:

தெரியும். இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியும் பழைய பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனியும் சேர்ந்து பி.ஓ.ஏ.சி. என்ற அரசு விமான நிறுவனம் ஆனது. சட்டப்படி அது உருவானது 1939 நவம்பரில், வேலையை முழுக்க எடுத்துக்கொண்டது 1940 ஏப்ரல் 1 முதல். அதற்குப் பிறகு இம்பீரியல் ஏர்வேஸ் பெயரில் விளம்பரம் வர வழியில்லை. ஆகவே உங்கள் ரோலசன் பக்கம் ஆகஸ்ட் குண்டுவீச்சுக்கு முந்தியது. அந்தப் பறக்கும் படகு ஷார்ட் எம்பயர் வகை என்றால் 1936 நடுப்பகுதிக்கும் பிந்தியது, அது முதலில் பறந்தது அந்த ஜூலையில்தான். இறக்கை உடலின் உச்சியில் இருக்கிறதா, அதில் நாலு எஞ்சின் தெரிகிறதா என்று பாருங்கள்.

1940 ஆகஸ்ட் 15 மாலை விழுந்த குண்டுகள் உண்மையில் பக்கத்தில் உள்ள கென்லி விமானத் தளத்துக்கு வைத்த குறி. கிராய்டன் என்று தெரியாமல் போட்டார்கள். ரோலசன், பிரிட்டிஷ் என்.எஸ்.எஃப். இரண்டு தொழிற்சாலைகளிலும் பலத்த சேதம். 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் தொழிலாளர்கள். அவர்களின் பெயர்களைத் தேட காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷனின் தளத்துக்குப் போங்கள். படைவீரர்கள் மட்டும் அல்ல, யுத்தத்தில் இறந்த பொதுமக்கள் சுமார் 67,000 பேரின் பட்டியலும் அங்கே இருக்கிறது. கிராய்டன் உள்ளாட்சிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேதியைக் கொடுங்கள். பல பேருக்கு வீட்டு முகவரியும் எங்கே இறந்தார் என்பதும் போட்டிருக்கும். உங்கள் தெருவின் பெயர்கூட வரலாம், அதனால் கொஞ்சம் மனசைத் தயார்படுத்திக்கொண்டு திறங்கள்.

நூலகப் பணி எழுதியது:

இவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் போடும் எண்ணம் இருந்தால் காப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. வரைந்தவர் பெயர் தெரியாத விளம்பரம் என்றால் பிரிட்டிஷ் சட்டப்படி வெளியான வருஷக் கடைசியிலிருந்து 70 வருஷம். 1940, 1941 விளம்பரங்களுக்கு அது முடிந்துவிட்டது. ஓவியத்தின் மூலையில் கையெழுத்து இருந்தால் கணக்கு வேறு: அந்த ஓவியர் இறந்ததிலிருந்து 70 வருஷம். விமான ஓவியர்களில் பலர் யுத்தத்துக்குப் பிறகு வெகுகாலம் வாழ்ந்தவர்கள், அதனால் கையெழுத்தைத் தேடிப் பாருங்கள். யுத்தகால அரசு ஃபோட்டோக்களின் காப்புரிமை 50 வருஷத்தில் முடிந்துவிட்டது. இம்பீரியல் வார் மியூசியத்தின் தளத்தில் அவற்றை எண்ணோடு தேடலாம். சி.எச். என்று தொடங்குபவை ஆர்.ஏ.எஃப். அதிகாரபூர்வப் படங்கள். ஆனால் மியூசியத்தின் நல்ல பிரதியைப் பயன்படுத்த அவர்களுடைய நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

சின்டாக்ஸ், ரக்பி! அப்படியென்றால் அது லாட்ஜ்தான். ஏவியேஷன் ஆன்செஸ்ட்ரியில் லாட்ஜ் என்று போட்டு 1940 மே முதல் 1942 கடைசி வரை பாருங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் ஃபார்ன்பரோவில் உள்ள தேசிய விமானவியல் நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அந்த வருஷங்களின் இதழ்கள் விளம்பரத்தோடு இருக்கின்றனவா என்று. ராயல் ஏரோநாட்டிகல் சொசைட்டி நடத்துவது அது. கேள்வி அனுப்பும்போது பின்புறத்தில் ஏர்ஸ்பீட் பாதி விளம்பரம் இருப்பதையும் சொல்லுங்கள். முன்பக்கம் ஒரே விளம்பரம் பல வாரம் வந்திருக்கும். முன்னால் லாட்ஜ், பின்னால் ஏர்ஸ்பீட் என்று இரண்டும் ஒரே தாளில் சேர்ந்து வந்தது ஒன்றிரண்டு வாரமாகத்தான் இருக்கும். உங்கள் இதழை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேன் செய்யும்போது இரண்டு பக்கத்தையும் எடுங்கள், ஓரத்தை வெட்டாமல், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து. இதழின் அகலம் தெரிந்தால் அது ஃப்ளைட்டா, ஏரோப்ளேனா என்று பிரிக்க உதவும். ஒட்டிக்கொண்டிருந்த அந்த இன்னொரு காகிதத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லையே?